வலிக்குமா?

எனக்கு நாற்பத்தேழு வயசாகிறது. இந்த வயசில் கண்ணில் புரை விழுவது கொஞ்சம் முந்திரிக்கொட்டைத்தனம்தான். ஆனால் எட்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி என் உடம்பில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. அதுவும் தன் பங்குக்கு ஏதாவது செய்யத்தானே வேண்டும்? முதலில் புஸ்தகத்தில் எழுத்துக்கள் மங்கின. அச்சகத்தாரைத் திட்டினேன். பிறகு ராத்திரி வேளையில் எதிரே வரும் லாரி விளக்குகள் சூரியகாந்திப் பூ மாதிரி விரிய ஆரம்பித்தன. லாரிக்காரர்களைத் திட்டினேன். கடைசியில் பெருமாநல்லூருக்குப் போகவேண்டியவன், பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் பல்லடம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன் பாருங்கள், அன்றைக்குத்தான் திட்ட வேண்டிய ஆசாமி வேறு யாரோ என்பது புரிந்தது.

திருப்பூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்னப் பெண். என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வலது கண்ணில் நன்றாகவே முற்றியிருக்கிறது. ஆபரேஷன் செய்துவிடலாம். இடது கண்ணைக் கொஞ்ச நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். நாளும் குறித்தார். பதினோரு நாள் இருந்தது. "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

கேட்டேன். உள்ளே வைக்கும் லென்ஸ் எந்தத் தேசத்துச் சரக்கு என்று கேட்டேன். என்ன விலை என்று கேட்டேன். எத்தனை நாளில் எழுத உட்காரலாம் என்று கேட்டேன். நாலாவது கேள்வி ஒன்று இருந்தது. ஒரே வார்த்தைதான். அது தொண்டைவரை வந்து, சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விட்டது. மீசை நரைத்த மனுஷன், மகள் வயசுப் பெண்ணிடம் "வலிக்குமா?" என்று கேட்பதாவது!

வீட்டுக்கு வந்தால், நான் கேட்காத கேள்விக்குத் தெருவே பதில் சொல்லத் தயாராக இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்: "ஒண்ணுமேயில்லீங்க. கண்ணுக்குக் கீழ ஒரு ஊசி போடுவாங்க, அது ஒண்ணுதான். தேள் கொட்டினாப்பல இருக்கும். அப்பறம் ஒண்ணும் தெரியாது." எதிர் வீட்டு அக்கா, அவருடைய மாமியாருக்கு ஊசி போட்டபோது பக்கத்து அறைவரை கேட்ட சத்தத்தைப் பற்றிச் சொன்னார். இத்தனையும் எனக்குத் தைரியம் கொடுப்பதற்காகத்தான்!

சாதாரண மனுஷனுக்கு இதோடு போய்விடும். கதை எழுதுகிறவனுக்கு இதுதான் ஆரம்பம். இருபது வருஷமாக, நடக்காததை நடந்தது மாதிரி காட்டுவதையே தொழிலாகச் செய்கிறவன் நான். அந்தப் பதினோரு ராத்திரியும் என் ஆபரேஷனை நானே எழுதினேன், அடித்தேன், திருத்தினேன். ஒவ்வொரு திருத்தத்திலும் ஊசி நீண்டுகொண்டே போயிற்று. ஒன்றில் மருந்து வேலை செய்யவில்லை. இன்னொன்றில் மின்சாரம் போய்விட்டது. மற்றொன்றில் நான் தும்மிவிட்டேன். விடிகிற நேரத்தில் வியர்த்து உட்கார்ந்திருப்பேன். பக்கத்துத் தெரு நிட்டிங் மில்லில் மெஷின்கள் ராத்திரி ஷிப்டு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்த ராத்திரிகளில் என் அம்மாயி ஞாபகம் அடிக்கடி வந்தது.

1986-ஆம் வருஷம். எனக்கு எட்டு வயசு. காங்கயம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு ஊர்களில் இப்படி எத்தனையோ பள்ளிக்கூடங்கள் நாலைந்து நாள் ஆஸ்பத்திரியாக மாறும். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வரிசையாகப் பாய் விரித்திருந்தார்கள். அம்மாயிக்கு இரண்டு கண்ணிலும் புரை. எதிரே ஆள் நிற்பது நிழலாகத் தெரியும். யார் என்று தெரியாது. துணைக்கு என் அம்மாவும், அம்மாவுக்குத் துணையாக நானும் போயிருந்தோம். உள்ளே கூட்டிப் போவதற்குக் கொஞ்சம் முன்னால், அம்மா எதற்கோ வெளியே போயிருந்த நேரத்தில், அம்மாயி என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்கண்ணு, வலிக்குமா?"

எட்டு வயசுப் பையனிடம் கேட்கிறாள்! எனக்கென்ன தெரியும்? பெரியவர்கள் என்னிடம் என்ன சொல்வார்களோ அதையே நானும் சொன்னேன்: "வலிக்காது அம்மாயி."

ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். தலையைத் திருப்பக் கூடாது, இருமக் கூடாது, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. அப்போது அவளுக்குக் கண்ணுக்குள் லென்ஸ் எதுவும் வைக்கவில்லை. கெட்டுப்போனதை எடுத்துவிட்டு, சோடா பாட்டில் அடி மாதிரி ஒரு கனத்த கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கண்ணாடிக்குள் அவள் கண் மாட்டுக் கண் மாதிரி பெரிசாகத் தெரியும். அதோடு இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்தாள்.

வலித்ததா என்று அவளிடம் ஒரு நாள் கேட்டேன். அவள் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அது எனக்கே இப்போதுதான் புரிந்தது.

ஆபரேஷன் நாள் வந்தது. பச்சை அங்கி, தலைக்குத் தொப்பி, வலது புருவத்துக்கு மேலே ஒரு துண்டுப் பிளாஸ்திரி. எந்தக் கண் என்று தவறிவிடக் கூடாதல்லவா? ஆறு பேரை வரிசையாக உட்கார வைத்துக் கண்மணி விரிவதற்கு மாற்றி மாற்றிச் சொட்டு மருந்து விட்டார்கள். எல்லோரும் ஒரே மாதிரி அண்ணாந்து, வாயைத் திறந்துகொண்டு, கூட்டில் இரைக்குக் காத்திருக்கும் குஞ்சுகள் மாதிரி இருந்தோம்.

என் பக்கத்தில் இருந்தவருக்கு ஐம்பத்தைந்து வயசிருக்கும். பாட்லாக் டெய்லர். முப்பது வருஷமாக பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார். தொடை ஆடிக்கொண்டே இருந்தது. என்னைக் கேட்டார்:

"சாருக்கு என்ன தொழிலுங்க?"

"கதை எழுதுகிறேன்."

"அதுக்குங் கண்ணு வேணுமுங்களே" என்றார் அனுதாபத்தோடு. பிறகு கையை நீட்டி ஆள்காட்டி விரலைக் காட்டினார். நகம் இரண்டாகப் பிளந்து சேர்ந்திருந்தது. "ஊசி நமக்குப் புதுசாங்க? மூணு தடவை ஏறியிருக்குது. ஒருக்கா நகத்துல பூந்து அந்தப் பக்கம் வந்துருச்சு. கொறட்டுல புடிச்சு இழுத்துப்போட்டு, துணியைச் சுத்திக்கிட்டு, மறுக்கா உக்காந்து தைச்சனுங்க."

ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் ஊசி உடைந்தால் அதன் துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டுத் துணி முழுவதையும் சோதித்தாக வேண்டும். எங்கோ ஒரு தேசத்தில், சட்டை போட்டுக்கொள்ளும் குழந்தையின் உடம்பில் அது குத்திவிடக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். "விரலுக்குத்தான் நோட்டுக் கிடையாதுங்க" என்று சிரித்தார் அவர். சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அத்தனையும் பார்த்தவனுக்கு இன்னைக்கு வகுறு கலக்குது பாருங்க. அந்த ஊசி சொல்லிட்டா வந்துச்சு? இது பத்து நாளைக்கு முன்னாலயே சொல்லிட்டு வருதே! ஏனுங், வலிக்குங்களா?"

இரண்டாவது தடவையாக என்னிடம் அந்தக் கேள்வி வந்துவிட்டது. எட்டு வயசில் சொன்ன பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. எனக்கே தெரியாத ஒன்றை அவருக்கு எப்படிச் சொல்வது?

வரிசையின் கோடியில் இருந்த ஒரு கிழவி எங்களைக் காப்பாற்றினாள். கொடுவாய்க்காரி. ஒரு கண் ஏற்கெனவே ஆனவள். அதனால் அந்த வரிசைக்கே அவள்தான் தலைவி. "வலிக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன் சாமி" என்றாள். "கண்ணுக்குக் கீழ ஊசி போடறப்ப சுருக்குங்கும். அப்பறம் அமுக்கினாப்பல கனமா இருக்கும். பத்து எண்ணு, போயிரும். உள்ள போனா மூஞ்சிக்குத் துணி போடுவாங்க, தண்ணி ஊத்துவாங்க, சில்லுன்னு இருக்கும். வெளிச்சத்தையே பாத்துக்கிட்டுக் கெட. அவ்வளவுதான்." டெய்லரின் தொடை ஆட்டம் நின்றது. என் வயிற்றுக்குள்ளும் ஏதோ ஒன்று கீழே இறங்கி உட்கார்ந்தது. தெருவே பதினோரு நாள் கொடுத்த தைரியத்தைவிட, அவள் ஒரு நிமிஷத்தில் கொடுத்தது பெரிசு.

என் முறை வந்தது. ஊசி போட்டார்கள். சுருக்கென்றது. அப்புறம் யாரோ கட்டை விரலால் கண்ணை உள்ளே தள்ளுவது போல ஒரு கனம். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். எட்டு எண்ணும்போதே பாதி போய்விட்டது. உள்ளே முகத்தில் துணி போட்டார்கள். சில்லென்று தண்ணீர் வந்தது. கிழவி சொன்ன வரிசை ஒன்றுகூடத் தப்பவில்லை. நீலமும் மஞ்சளுமாக ஒரு வெளிச்சம் குளத்துத் தண்ணீருக்கு அடியில் ஆடுவது போல ஆடியது. ஒரு மெஷின் ரீங்காரம் செய்தது. கால் மணி நேரத்துக்குள், "முடிந்தது, எழுந்திருங்கள்" என்றார் டாக்டர். பதினோரு நாளாக நான் எழுதிய கதையில் ஒரு வரிகூட நடக்கவில்லை. நல்ல எழுத்தாளன்தான்!

கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடியோடு வெளியே வந்தபோது, டெய்லர் இன்னும் தம் முறைக்காக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்த பார்வையிலேயே கேள்வி இருந்தது. நான் குனிந்து, "ஆத்தா சொன்னது சரியாக இருக்கிறது. பத்துகூட வேண்டாம், எட்டு எண்ணுங்கள்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு தயங்கி, "சார், பார்வை திரும்பி வந்துருமில்லீங்க? ஊசிக் காதுல நூல் கோக்கறதுக்கே இப்பல்லாம் பக்கத்துல இருக்கற பொண்ணைத்தான் கூப்படறேன்" என்றார். அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டு விட்டார்கள்.

கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்த நாட்களில் கல்லூரியில் படிக்கும் என் மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். என் கண்ணில் நடந்த காரியத்தின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கச் சொன்னேன். புரை விழுந்த கண்ணில் ஊசியை விட்டு, மங்கிப்போன பளிங்கைக் கீழே தள்ளும் முறையைச் சுசுருதரே எழுதி வைத்திருக்கிறார். தஞ்சாவூரில் 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜிக்குக் கண் வைத்தியத்தில் பெரிய ஈடுபாடு. அவருடைய தன்வந்திரி மகாலில் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றிய குறிப்புகளும், அவர்களுடைய கண்களை வண்ணத்தில் எழுதிய சித்திரங்களும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. அந்தக் கண்கள் எல்லாம் மரத்துப்போகும் மருந்து இல்லாமல் ஊசியைச் சந்தித்தவை. ஏனென்றால் அந்த மருந்து 1884-ஆம் வருஷம்தான் வந்தது. வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர், கொக்கேயின் கரைசலை முதலில் தவளையின் கண்ணில் விட்டுப் பார்த்தார். பிறகு தம் கண்ணிலேயே விட்டுக்கொண்டு, குண்டூசித் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். தெரியவில்லை! நமக்கு வலிக்காமல் இருக்க ஒருவர் தம் கண்ணில் ஊசியை வைத்துப் பார்த்திருக்கிறார். என் அம்மாயிக்குக் கிடைக்காத லென்ஸ்கூட, 1949-இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி என்ற டாக்டர் முதன்முதலாக வைத்ததாம். யுத்தத்தில் அடிபட்ட விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கண்ணாடித் துணுக்குகள் போய்த் தங்கியும் கண் கெடாமல் இருந்ததைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை தோன்றியது. மதுரையில் 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்த டாக்டர் கோ. வெங்கடசாமியின் கைவிரல்களோ முடக்குவாதத்தால் கோணிப் போனவை. அந்த விரல்களைப் பழக்கித்தான் லட்சம் பேருக்கு மேல் கண் திறந்து வைத்தார்.

இவ்வளவும் வலியை ஒழித்த கதை. வலிக்கு முன்னால் வரும் பயத்தை யாராவது கவனித்தார்களா என்று மகளைத் தேடச் சொன்னேன். கவனித்திருக்கிறார்கள். 1846-இல் ஈதர் கொடுத்து ஆபரேஷன் செய்வதை உலகுக்குக் காட்டிய அதே பாஸ்டன் ஆஸ்பத்திரியில், 1964-இல் எக்பர்ட் என்ற டாக்டரும் அவர் நண்பர்களும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்ள இருந்த 97 பேரில் ஒரு பகுதியினரிடம் முந்திய ராத்திரியே போய் உட்கார்ந்து, எங்கே வலிக்கும், எதனால் வலிக்கும், எவ்வளவு நாள் இருக்கும், அப்போது உடம்பை எப்படித் தளர்த்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிக் கேட்டவர்களுக்குப் பின்னால் வலி மருந்து ஏறக்குறையப் பாதிதான் தேவைப்பட்டது. சீக்கிரம் வீட்டுக்கும் போனார்கள். கொடுவாய்க் கிழவி இந்தப் பரிசோதனையைப் படித்திருக்க மாட்டாள்!

அதே நகரத்தில் 2010-இல் வெளிவந்த இன்னொன்று: பிரசவத்துக்கு வந்த 140 பெண்களுக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போடும்போது, பாதிப் பேரிடம் "பெரிய தேனீ கொட்டினாற்போல இருக்கும், இதுதான் மிகவும் கஷ்டமான கட்டம்" என்றார்கள். மீதிப் பேரிடம் "அந்த இடம் மரத்துப்போக மருந்து போடுகிறோம், அப்புறம் சௌகரியமாக இருக்கும்" என்றார்கள். ஊசி ஒன்றே. வலிக்குப் பத்துக்கு எவ்வளவு மார்க்கு என்று கேட்டபோது, முதல் கூட்டம் ஐந்து என்றது. இரண்டாவது கூட்டம் மூன்று என்றது. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் தேனீயோடு நிற்கவில்லை, தேளுக்கே போய்விட்டார்.

ஆக, "வலிக்காது" என்ற பொய்யும் உதவாது. தேள் கதையும் உதவாது. என்ன நடக்கும் என்பதை நடக்கிற வரிசைப்படி, மிகையில்லாமல் ஒருவர் சொன்னால் போதும். இதற்கு ஒரு காசு செலவில்லை. ஆனால் அதற்கு ஒரு நிமிஷம் வேண்டும். வெளியே நூறு பேர் காத்திருக்கும் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் அந்த ஒரு நிமிஷம்தான் பஞ்சம். அதனால்தான் அதைக் கிழவிகள் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அம்மாயி சொன்ன பதிலுக்கு வருகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். "பொய் சொல்லிட்டேனா அம்மாயி? வலிச்சுதா?" என்று கேட்டேன். "வலிச்சுதோ என்னமோ, ஆரு கண்டா?" என்றாள். "உன்னையக் கேட்டனல்லோ, அப்ப உன்ற மூஞ்சி எனக்குத் தெரியல. அதான் கண்ணு பயமா இருந்துச்சு."

அன்றைக்குக் கிழவி சம்பந்தமில்லாமல் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் ஊசியைப் பற்றிக் கேட்கவேயில்லை. இந்த முகத்தை இனி எப்போதாவது பார்ப்பேனா என்று கேட்டாள். டெய்லர் கேட்டதும் அதுதான்: ஊசிக் காது தெரியுமா? தெரியாவிட்டால் அந்தப் பீஸ் ரேட்டு, அந்த முப்பது வருஷம், வீட்டு அடுப்பு எல்லாம் என்ன ஆகும்? அதை நேராகக் கேட்க வாய் வராது. பெரிய பயத்தைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள், சின்னப் பயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். நான் அதுகூட இல்லை. லென்ஸ் என்ன விலை என்று கேட்டேன். எழுத முடியாமல் போய்விட்டால் நான் யார் என்பதுதான் என் பயம் என்று இப்போது சொல்லிக்கொள்ள முடிகிறது.

மூடியை எடுத்த மறுநாள் காலையில் கொல்லைப்புறம் போனேன். கொடியில் என் வெள்ளைப் பனியன் காய்ந்துகொண்டிருந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். பழுப்பேறிய பழைய துணி. இடது கண்ணை மூடிவிட்டு வலது கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் சலவைப் பட்டறையிலிருந்து வந்தது போல, நீலம் போட்ட வெள்ளை. பனியன் ஊரில் பிறந்து வளர்ந்தவன், வெள்ளை என்றால் என்ன என்பதையே எத்தனை வருஷமாக மறந்திருந்தேன்! கண்ணை மாற்றி மாற்றி மூடிக்கொண்டு அங்கேயே வெகுநேரம் நின்றேன். என் மனைவி பார்த்துவிட்டு, ஆபரேஷன் கண்ணுக்கா தலைக்கா என்று கேட்டாள்.

அடுத்த மாசம் இடது கண். போன வாரம் நாள் குறிக்கப் போனபோது, டாக்டர் வழக்கம்போல, "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். இந்தத் தடவை கூச்சப்படவில்லை. "வலிக்குமா டாக்டர்?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊசி எங்கே போடுவார், எப்படி இருக்கும், எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

எல்லாம் தெரிந்தும் பயம் முழுதாகப் போய்விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரிகளில் ஊசி மறுபடி கொஞ்சம் நீள ஆரம்பித்திருக்கிறது. ஆனால் அந்த வரிசையில் போய் உட்காரும்போது, ஒரு கண் ஆனவன் என்ற முறையில் இந்தத் தடவை நான்தான் தலைவன். பக்கத்தில் இருப்பவர் தொடை ஆடினால், எட்டு எண்ணச் சொல்லிக் கொடுப்பேன்.